தேன் என்று சொன்ன ராஜா

மகுடம் வைத்த தலைக்குள் மூளையும் இருக்கும் என்று சனங்கள் நம்பிக்கொண்டிருந்த காலத்தில், கனிவள நாடு என்றொரு நாடு இருந்தது. அதை நெடுமுடியன் என்ற ராஜா ஆண்டான். நாடு முழுக்க மாமரம். ஆனாலும் கேளுங்கள், அந்த ராஜா பட்டத்துக்கு வந்ததிலிருந்து ஒரு நல்ல மாம்பழம் தின்றதில்லை.

ஏன்? அவன் போட்ட சட்டம் அப்படி. அரண்மனைக்கு வரும் பழத்தில் கரும்புள்ளி இருக்கக் கூடாது. பால் வடிந்த கறை இருக்கக் கூடாது. கிளியோ அணிலோ வாய் வைத்த தடம் இருக்கவே கூடாது.

தலைக்குப் பயந்த தோட்டக்காரர்கள் என்ன செய்வார்கள்? முற்றுவதற்கு முன்பே காயைப் பறித்தார்கள். வைக்கோலில் புதைத்து வெம்ப வைத்தார்கள். பளபளவென்று துடைத்துத் தங்கத் தட்டில் அடுக்கினார்கள். பார்க்கப் பொன். கடித்தால் புளி.

முதல் பழத்தைக் கடித்ததுமே ராஜாவுக்குப் பல் கூசியது, கண் சுருங்கியது, காது வரைக்கும் ஜிவ்வென்றது. ஆனால் சட்டம் போட்டவன் அவன்தானே!

"தேன்!" என்றான்.

அமைச்சர் மதிவாணரும் ஒரு துண்டை விழுங்கிவிட்டு, "தேனேதான், பிரபு!" என்றார். அரசவைப் புலவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேனைப் பற்றி ஒரு நீளமான பாட்டுப் பாடினார். அதன்பிறகு கோடைதோறும் இதே கூத்துதான்.

ஒரு கோடையில் மலைநாட்டுத் தலைவனின் மகள் எயினி மாப்பிள்ளை பார்க்க வந்தாள். ஆமாம், மலைநாட்டில் பெண்தான் மாப்பிள்ளை பார்ப்பாள். அவளைக் கண்டதும் ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவே செய்துவிட்டான்.

மாந்தோப்பில் விருந்து. தங்கத் தட்டு வந்தது. எயினி ஒரு பழத்தை எடுத்துக் காம்புப் பக்கம் முகர்ந்தாள்.

"இதில் வாசனையே இல்லையே! நீங்கள் தின்று சொல்லுங்கள்" என்றாள்.

ராஜா கடித்தான். "தேன்!"

எயினியும் ஒரு கடி கடித்தாள். உடனே துப்பினாள். ராஜாவை உற்றுப் பார்த்தபடி, "இன்னொன்று தின்று பாருங்களேன்" என்றாள்.

"தேன்!" என்றான் ராஜா. கண்ணில் நீர் கொட்டியது.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் அமைச்சர்.

எயினி எழுந்து மரத்தடிக்குப் போனாள். அணில் கடித்துப் போட்ட பழம் ஒன்று கிடந்தது. எடுத்து முகர்ந்தாள். கடிபட்ட இடத்தைக் கத்தியால் அரிந்து எறிந்துவிட்டு உறிஞ்சினாள். சாறு முழங்கை வரை வழிந்தது.

"ஐயோ தாயே, அணில் எச்சில்!" என்று அலறினார் புலவர்.

"அணிலுக்கு ராஜாவிடம் பயமில்லை, புலவரே. அதனால் நல்ல பழமாகப் பார்த்துக் கடிக்கிறது" என்றாள் எயினி. பிறகு ராஜாவிடம் திரும்பினாள். "பழம் பார்த்து எடுக்கத் தெரியாத ஆளைக் கட்டிக்கொள்ளலாம், சொல்லிக்கொடுத்துவிடலாம். புளிப்பைத் தேன் என்கிற ஆளைக் கட்டிக்கொண்டு என்ன செய்வது? நாளைக்கு என்னை அழகி என்பீர்கள். அதை நான் எப்படி நம்புவது? கடைசியாக ஒன்று தின்றுவிட்டுச் சொல்லுங்கள். நான் ஊருக்குக் கிளம்ப வேண்டும்."

ராஜா மூன்றாவது பழத்தைக் கடித்தான். அமைச்சர் பின்னாலிருந்து "தேன், தேன்" என்று கிசுகிசுத்தார். ராஜா எயினியைப் பார்த்தான். புறப்படத் தயாராக நின்ற அவள் பல்லக்கைப் பார்த்தான். அப்படியே திரும்பி அமைச்சரின் பட்டு அங்கவஸ்திரத்தின்மேல் துப்பினான்.

"புளிக்கிறது! பட்டத்துக்கு வந்த நாளிலிருந்து புளிக்கிறது!"

அமைச்சர் அங்கவஸ்திரத்தைத் துடைத்தபடி, "எனக்கும்தான், பிரபு" என்றார். "என் கடைவாய்ப் பல்லே போய்விட்டது" என்று அழுதார் புலவர்.

எயினி சிரித்தாள். மரத்தடியிலிருந்து அணில் கடித்த இன்னொரு பழத்தைப் பொறுக்கி, அரிந்து நீட்டினாள். ராஜா வாங்கிச் சப்பினான். கொட்டை வெளுக்கும் வரை சப்பினான். தாடியெல்லாம் மஞ்சள்.

"என்னைக் கட்டிக்கொள்வாயா?"

"முதலில் தாடியைக் கழுவிவிட்டு வாருங்கள்."

அந்த மாதமே கல்யாணம் நடந்தது. புலவர் எழுந்து வாழ்த்துப்பா பாடினார். இரண்டாவது அடியிலேயே ராஜா கையைத் தூக்கி, "நன்றாக இல்லை, உட்காரும்" என்றான். பந்தலில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

ஆகவே கேட்டவர்களே, இந்தக் கதையின் நீதி: புளிப்பைப் புளிப்பு என்று சொல்லத் துணியாதவனுக்கு இனிப்பு ஒருநாளும் கிடைக்காது.