பெயர் ஒட்டாத பாட்டில்

சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் இப்போதே சிரித்துவிடாதீர்கள். ஒருத்தி காவல் நிலையத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

அவள் பெயர் பிரகாசி. அவள் ஆக்கிப் போட்டதைத் தின்ற புருஷன் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். "விஷம் வச்சுட்டா" என்றார்கள் அவன் வீட்டார். அவனுடைய சிறுநீர் நச்சு ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது.

அங்கே வேலை பார்க்கும் அருள்வளன் அதை அமிலத்தில் கொதிக்கவைத்துக் கருவியில் ஏற்றினான். ஆர்சனிக், அளவுக்குப் பல மடங்கு மேலே. அறிக்கையைத் தூக்கிக்கொண்டு பேராசிரியை குணவதியிடம் ஓடினான். தொழிலை அவன் கற்றது அவரிடம்தான்.

"பாஷாணம், மேடம்! நான் கையெழுத்துப் போட்டா இன்ஸ்பெக்டர் அவளை இன்னிக்கே ஜெயிலுக்கு அனுப்பிடுவார்."

"எந்த ஆர்சனிக்?"

"ஆர்சனிக்ல எந்த ஆர்சனிக்? ஆர்சனிக் ஆர்சனிக்தான், மேடம்."

"முதல் நாள் அவன் என்ன சாப்பிட்டான்?"

"அது போலீஸ் வேலை. நம்ம வேலை நம்பர்."

குணவதி தலையாட்டினார். "சரிப்பா. கையெழுத்துக்கு முன்னாடி இதையும் பார்த்துடு."

அவர் நீட்டிய பாட்டிலில் எண் மட்டும் இருந்தது, பெயர் இல்லை. ஆளைப் பார்த்து முடிவு எழுதக் கூடாது என்பது அந்தக் கூடத்து வழக்கம். இன்னொரு வழக்கமும் உண்டு. நஞ்சைத் தொட்டு வேலை செய்கிறவர்கள் மாதம் ஒருமுறை தங்கள் சிறுநீரையும் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். அன்று காலை அருள்வளனும் கொடுத்திருந்தான்.

ஆமாம், அதே பாட்டில்தான். பொறுங்கள், சிரிக்க இன்னும் நேரம் வரவில்லை.

முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. குணவதி வீட்டில் அவனுக்கு விருந்து, நண்டுக் குழம்பு. அவன் ஓட்டை உடைத்து உறிஞ்சிய சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டது.

மதியம் மூச்சிரைக்க வந்து நின்றான்.

"மேடம், அந்தாளைவிட இது ஜாஸ்தி! இவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கான். நல்லாப் பேசறான்."

"பேச்சை நம்பாதீங்க. உடனே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். யார் இவருக்குச் சோறு போட்டது?"

"ஒரு பொம்பளை."

"பார்த்தீங்களா! பிடிச்சாச்சா?"

"இல்லையே. பிடிக்கணுமா?"

அருள்வளன் நெஞ்சை நிமிர்த்தினான். தொண்டையில் இன்ஸ்பெக்டரே வந்து குடியேறிவிட்டார். "விடவே கூடாது, மேடம்! திட்டம் போட்டு ஊட்டியிருக்கா!"

"ஊட்டல. கேட்டுக் கேட்டு அவனேதான் ஊத்திக்கிட்டான்."

"எதை?"

"நண்டுக் குழம்பை."

"நண்டா?" இன்ஸ்பெக்டர் சட்டென்று இறங்கிப் போனார். "நண்டுல இருக்கிறது கரிமத்தோட கட்டுண்ட ஆர்சனிக். ஒண்ணும் செய்யாது, வந்தபடியே வெளியே போயிடும். ஆனா எந்த ஆர்சனிக்னு நான் பிரிச்சுப் பார்க்கலையே, மேடம். அமிலத்துல போட்டதும் கட்டு உடைஞ்சு, பாஷாணமும் நண்டும் ஒரே நம்பரா..."

நிறுத்தினான். பாட்டிலைப் பார்த்தான். கை தானாக வயிற்றுக்குப் போயிற்று.

குணவதி பேனாவை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"ரெண்டு அறிக்கையிலயும் கையெழுத்தைப் போடு, அருள். இதுல சமைச்சவ பேரு குணவதி."

அருள்வளன் பேனாவைத் தொடவில்லை. பிரகாசி புருஷனின் சிறுநீரில் பிரித்துப் பார்க்க மீதி இருக்கிறதா என்று தேடி, ஃபிரிட்ஜை நோக்கி நடந்தான்.