கூழாங்கல் குவித்த சங்கம்

ஒரு காட்டில் கத்துவதற்கென்றே ஒரு சங்கம் இருந்தது. சிரிக்காதீர்கள் பிள்ளைகளே, அது விளையாட்டுக் கத்தல் இல்லை. சிறுத்தையோ செந்நாயோ வருவதை முதலில் பார்ப்பவர் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலைக் கேட்டுத்தான் மற்ற எல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும். மரத்து மேலே மந்தி, கிளையில் அணில், புதரோரம் மயில், புல்வெளியில் புள்ளிமான், குளக்கரையில் ஆள்காட்டிக் குருவி என்று காவல் நிற்பவர்கள் எல்லாம் சேர்ந்து வைத்த சங்கம் அது. பெயர், குரல் கொடுப்போர் சங்கம்.

அதைத் தொடங்கியது கருமுகி என்ற மந்தி. ஒருநாள் அது தாமதமாகக் கத்தியதில் அதன் குட்டியே போய்விட்டது. மூன்று நாள் அழுதது. நான்காம் நாள் மற்ற காவல்காரர்களைக் கூப்பிட்டது.

"நான் எங்கே தவறினேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் குட்டிகளுக்காவது ஒன்றும் ஆகாமல் இருக்கட்டும்" என்றது.

அன்று முதல் அதுவே வழக்கமாயிற்று. பௌர்ணமிக்கு மறுநாள் காலை எல்லாரும் மருதமரத்தடியில் கூடுவார்கள். அந்த மாதம் தவறாகக் கத்தியவர், கத்த வேண்டிய நேரத்தில் கத்தாமல் விட்டவர், எல்லாம் அவரவரே எழுந்து சொல்லிவிட வேண்டும். கேட்பவர்கள் சிரிக்கக் கூடாது, திட்டவும் கூடாது. "எதனால்?" என்று மட்டும் கேட்கலாம். பதில் வந்தால் அதற்கும் ஒரு "எதனால்?" உண்டு. அடி வேர் தெரிகிற வரை விடமாட்டார்கள்.

ஒருமுறை அணில் எழுந்து, "கொடியைப் பாம்பென்று நினைத்துக் காட்டையே கூட்டிவிட்டேன்" என்றது.

"எதனால்?"

"வெயிலில் கண் கூசியது."

"எதனால்?"

"கிளை மாறி உட்காரச் சோம்பல்" என்று தலையைக் குனிந்துகொண்டது அணில்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து யாரும் வெயிலைப் பார்த்துக்கொண்டு காவல் நிற்பதில்லை. ஒருவர் பட்ட அவமானம் எல்லாருக்கும் உதவியது. அது எப்பேர்ப்பட்ட சங்கம் பாருங்கள்!

கருமுகி வயதாகிப் போய்ச் சேர்ந்தது. அடுத்து மயில் தலைவராயிற்று. மயில் கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். எதுவும் பார்க்க அழகாக இருக்க வேண்டும், அதுதான் அதன் குணம்.

"மாதா மாதம் நம் தவறுகளை நாமே மரத்தடியில் கொட்டிக்கொண்டிருந்தால் வெளியே இருப்பவர்கள் என்ன நினைப்பார்கள்? முயல்கூட நம்மைப் பார்த்துச் சிரிக்காதா?" என்று கேட்டது மயில்.

புதிதாக ஒரு ஏற்பாடும் செய்தது. தவறு நடக்காத ஒவ்வொரு நாளுக்கும் மருதமரத்தடியில் ஒரு வெள்ளைக் கூழாங்கல் வைக்க வேண்டும். எவராவது தவறு செய்தேன் என்று சொன்னால், குவியல் மொத்தத்தையும் ஆற்றில் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். நன்றாகக் குரல் கொடுத்தவருக்கு மாதம் ஒரு மயிலிறகு.

ஏற்பாடு என்னவோ நல்ல எண்ணத்தில் வந்ததுதான். ஆனால் குவியல் முழங்கால் உயரம் வந்த பிறகு அதை ஆற்றில் கொட்ட வைக்க யாருக்குத் தைரியம் வரும், சொல்லுங்கள்? தவறு சொல்லும் நேரம் கூட்டத்தின் முதலிலிருந்து நடுவுக்குப் போயிற்று. நடுவிலிருந்து கடைசிக்குப் போயிற்று. பிறகு காணாமலே போயிற்று.

இனி, நம் மஞ்சக்காலியைப் பற்றிச் சொல்கிறேன். அது குளத்தின் கிழக்குக் கரையில் காவல் நிற்கும் ஆள்காட்டிக் குருவி. நெட்டை நெட்டையான மஞ்சள் கால், கண்ணோரம் சிவப்பு. அந்தக் காட்டிலேயே வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாத ஒரு ஜீவன் உண்டென்றால் அது மஞ்சக்காலிதான். இலை உதிர்ந்தால் சொல்லும், தவளை குதித்தால் சொல்லும். "கொஞ்சம் சும்மா இரேன்!" என்று ஆமைகூட அலுத்துக்கொள்ளும்.

அந்தக் கோடையில் ஒரு மாலை, எப்போதும் போலக் காட்டெருமைக் கூட்டம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தண்ணீருக்கு வந்தது. தினமும் வருகிற எருமைகள்தானே, அதில் பார்க்க என்ன இருக்கிறது என்று மஞ்சக்காலி வேறு பக்கம் திரும்பப் போனது. அப்போதுதான் அந்தக் குளம்புக் கால்களுக்கு நடுவே குளம்பில்லாத ஒரு கால் தெரிந்தது. மஞ்சள் கால், அதில் கறுப்புப் புள்ளி.

மஞ்சக்காலி அலறியது. தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான்கள் சிதறி ஓடின. எருமைகளின் புழுதிக்குள் பதுங்கி வந்த சிறுத்தை பாய்ந்தது. கொம்பு மான் ஒன்றின் தொடையில் நகம் கீறியதோடு போயிற்று. தங்களைச் சிறுத்தை ஒன்றும் செய்யாது என்று தெரிந்த எருமைகளோ, அதைக் கண்டுகொள்ளாமல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"அடேயப்பா, என்ன குரல்! என்ன கண்!" என்று காடே மஞ்சக்காலியைக் கொண்டாடியது.

மஞ்சக்காலிக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. 'நான் பத்தடி தாமதமாகக் கத்தினேன். எருமைகளின் முதுகைப் பார்த்தேன், காலைப் பார்க்கவில்லை. தினமும் வருகிறதே என்று பார்ப்பதையே விட்டுவிட்டேன். சிறுத்தை புதுத் தந்திரம் கற்றுக்கொண்டுவிட்டது. இதை எல்லாரிடமும் சொல்லியாக வேண்டும்.'

பௌர்ணமியன்று அது சங்கத்துச் செயலாளரான அணிலிடம் ஓடியது.

"செயலாளரே, நாளைக்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள்."

அணில் பல் தெரியச் சிரித்தது. "தவறா? நாளைக்கு இறகே உனக்குத்தான்! விருது வாங்குகிற நாளில் பேசுகிற பேச்சா இது?"

"இல்லை, நான் தாமதமாகத்தான்..."

"மான் செத்ததா?"

"இல்லை."

"பிறகு என்ன? போ, போய்க் குளித்துவிட்டு வா" என்றது அணில். கொடியைப் பாம்பென்று சொன்னதற்காக ஒரு காலத்தில் தலை குனிந்து நின்ற அதே அணில்தான்.

மஞ்சக்காலி விடவில்லை. மறுநாள் காலை மயிலிடமே போய் நின்றது. மயில் அதைத் தனியே அழைத்துக்கொண்டு போய், குவியலைக் காட்டியது.

"எண்ணிப் பார். நூற்றுத்தொண்ணூறு கல். இன்று பக்கத்து மலைச் சங்கத்திலிருந்து நரி வந்திருக்கிறது, இதைப் பார்க்க. நீ எழுந்து தவறு என்றால் இத்தனையும் ஆற்றோடு போகும். மந்திகள் உன்னைச் சும்மா விடுமா? அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம், மஞ்சக்காலி."

கூட்டம் தொடங்கியது. ஆட்டம் நடந்தது, பாட்டு நடந்தது. மயில் தன் இறகிலிருந்து ஓர் இழையை எடுத்து மஞ்சக்காலியின் கழுத்தில் கட்டிவிட்டது. எல்லாரும் கூவினார்கள். சொல்ல வேண்டியது மஞ்சக்காலிக்குத் தொண்டை வரை வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டது. அந்த இழை பச்சையும் நீலமுமாக மின்னியது, பிள்ளைகளே. கூட்டம் முடிந்து கரைக்குத் திரும்பியதும் மஞ்சக்காலி குளத்துத் தண்ணீரில் அதைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டது.

அப்போது அதன் தோழி பொட்டழகி வந்தது. அது பெண் புள்ளிமான், சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குளத்தின் மேற்குக் கரை அதன் காவல். அதன் காலோடு ஒட்டிக்கொண்டு புதிதாகப் பிறந்த குட்டி நின்றது.

"அக்கா, அன்றைக்கு அந்தச் சிறுத்தையை எப்படி அக்கா பார்த்தாய்? எனக்கும் சொல்லிக்கொடேன். நாளையிலிருந்து எருமைகள் மேற்குக் கரைக்குத்தான் வருமாம். குட்டியை வைத்துக்கொண்டு எனக்குப் பயமாக இருக்கிறது."

சொல்லியிருக்கலாம். பக்கத்தில் யாருமில்லை, மயிலுமில்லை. முதுகைப் பார்க்காதே, காலைப் பார் என்று நாலே சொல். ஆனால் அதைச் சொன்னால் தாமதமாகக் கத்தியதையும் சொல்ல வேண்டும். அப்புறம் கழுத்திலிருக்கும் இழைக்கு என்ன மரியாதை?

"அதெல்லாம் பழக்கம்தான், பொட்டழகி. கண் கூர்மையாக இருந்தால் தானாகத் தெரியும்" என்றது மஞ்சக்காலி.

பொட்டழகி நம்பித் தலையாட்டிவிட்டுப் போயிற்று. எதையும் சொல்லாமல் இருக்கத் தெரியாத அந்தக் குருவி, வாழ்நாளில் ஒரே ஒருமுறை வாயை மூடிக்கொண்டது அன்றைக்குத்தான்.

பத்து நாள் கழிந்தது. அன்று மாலை எருமைகள் மேற்குக் கரையில் இறங்கின. பொட்டழகி கண்ணைக் கூர்மையாக்கிக்கொண்டு அவற்றின் முதுகுகளைப் பார்த்தது. எல்லாம் எருமை முதுகுதான். புழுதி அடங்கியபோது அதன் குட்டி இல்லை. கத்தக்கூட நேரமில்லாமல் போயிற்று.

செய்தி கிழக்குக் கரைக்கு வந்தபோது எப்படி நடந்தது என்று மஞ்சக்காலி யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லையே.

அடுத்த கூட்டம் வந்தது. மருதமரத்தடியில் குவியல் அப்படியே இருந்தது. கொட்டவும் இல்லை, குறையவும் இல்லை.

"குட்டி போன அன்றைக்குமா கல் வைத்தீர்கள்?" என்று ஒரு மந்தி தயங்கித் தயங்கிக் கேட்டது.

அணில் தொண்டையைச் செருமியது. "அன்று யாருமே குரல் கொடுக்கவில்லை. குரலே இல்லாதபோது தவறான குரல் எப்படி இருக்கும்? விதிப்படி அன்றைக்கும் ஒரு கல் வைத்தோம்."

அப்போது பொட்டழகி முன்னால் வந்தது. இருபது நாளில் இளைத்து எலும்பாகியிருந்தது.

"என் தவறைச் சொல்ல வந்திருக்கிறேன்" என்றது.

"பாவம், நீ துக்கத்தில் இருக்கிறாய். உட்கார் அம்மா, பிறகு பேசலாம்" என்றது மயில்.

"உட்கார மாட்டேன். சிறுத்தை எருமைகளோடு வந்தது. நான் பார்க்கவில்லை. என் குட்டியைக் கொடுத்துவிட்டேன்."

அதோடு நிறுத்திவிட்டுக் காத்திருந்தது. "எதனால்?" என்று கேட்க ஒருவரும் இல்லை. அந்தக் கேள்வியையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள்.

மஞ்சக்காலியால் பொறுக்க முடியவில்லை. "எதனால்?" என்று கேட்டது.

"முதுகைப் பார்த்தேன் அக்கா. காலைப் பார்க்கவில்லை."

மஞ்சக்காலி ஓடிப்போய் அதன் முன்னால் நின்றது. "அது என் தவறு, பொட்டழகி. நானும் முதுகைத்தான் பார்த்தேன். பத்தடி தாமதமாகத்தான் கத்தினேன். அந்தக் கொம்பு மான் தப்பியது அதன் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் இல்லை."

பொட்டழகி அதை உற்றுப் பார்த்தது. "இது உனக்கு அன்றைக்கே தெரியுமா?"

"தெரியும்."

"கூட்டத்தில் எதனால் சொல்லவில்லை?"

"நேரம் கேட்டேன். தரவில்லை."

"நான் உன்னைத் தேடி வந்து கேட்டேனே அக்கா. என் குட்டிகூடப் பக்கத்தில் நின்றதே. என்னிடம் எதனால் சொல்லவில்லை?"

மஞ்சக்காலி குனிந்து கழுத்தைக் காட்டியது. "இது இருந்தது" என்றது.

பொட்டழகி திட்டியிருந்தால்கூட மஞ்சக்காலிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். மான் திரும்பி நடந்து, மரங்களுக்குள் போய் மறைந்தது.

மஞ்சக்காலி இழையைப் பிய்த்துக் குவியலின் மேல் போட்டது. மந்திகள் சில அழுதன. மயிலுக்கும் வருத்தம்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனாலும் குவியலை ஆற்றில் கொட்ட அதற்கு மனம் வரவில்லை. மறுநாள் காலையில் அணில் வழக்கம்போல இன்னொரு கல்லைக் கொண்டுவந்து வைத்தது.

சங்கம் இன்னும் இருக்கிறது. குவியல் இப்போது மருதமரத்தின் முதல் கிளையைத் தொடுகிறதாம். மஞ்சக்காலி அந்தப் பக்கம் போவதில்லை. மேற்குக் கரைக்கே குடிவந்துவிட்டது. எருமைகள் வந்தால் நாலடி ஓடும், நிற்கும், கழுத்தைத் தாழ்த்திக் கால் காலாகப் பார்க்கும், பிறகு இன்னும் நாலடி ஓடும். காண்பவர்களிடமெல்லாம், "காலைப் பாருங்கள், நான் பார்க்கவில்லை, நீங்கள் பாருங்கள்" என்று கத்திக்கொண்டே இருக்கும். கேட்டுக்கொண்டவர்களின் குட்டிகள் பல தப்பியிருக்கின்றன.

பொட்டழகியும் அந்தக் கரையில்தான் காவல் நிற்கிறது. மஞ்சக்காலி குரல் கொடுத்தால் அதுவும் குரல் கொடுக்கும். ஆனால் அக்கா என்று மட்டும் அது பிறகு ஒருநாளும் கூப்பிடவில்லை.

நீதி: தவறைச் சொல்ல இடம் கொடுக்காத சங்கம் தன் பெயரைத்தான் காக்கும், தன்னவர்களைக் காக்காது, பாராட்டுக்காக உண்மையை விழுங்கியவருக்கும் அந்த இழப்பில் பங்குண்டு.