வரிசையில் முதல் குடம்

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. தள்ளி உட்கார்ந்தால் இந்தக் கதை காதில் விழாது. இதில் கத்திப் பேசுகிற ஆள் ரொம்பக் கம்மி.

மருதந்துறை நகராட்சிக்கு நீலமேகம் என்று ஒரு சேர்மன் இருந்தார். அறுபத்திரண்டு வயது. வெள்ளிக்கிழமை ஆனால் போதும், ஊர்க்கோடியில் இருக்கிற மடத்துக்குப் போய்த் தன் கையால் கூட்டிப் பெருக்குவார். அந்த மடத்தில் இருந்தவர் ஆவுடையம்மா. அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது.

"மக வயசுப் பொண்ணப் போய் குருங்கிறாரே" என்று ஊர் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

அன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிவரைக்கும் பொறுக்க முடியாமல் மனுஷன் வந்து நின்றார்.

"என்னய்யா, ரெண்டு நாள் முன்னாடியே துடைப்பத்தத் தேடி வந்துட்டீங்க?"

"நாளைக்குக் கூட்டம்மா."

கூட்டம் எதற்கென்றால், பக்கத்தில் உசிலங்காடு என்று ஒரு ஊராட்சி. அதை நகராட்சியோடு சேர்த்து, அதன் மேய்ச்சல் காட்டில் வீடு கட்ட வேண்டும். வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருக்கிற அறுபத்து மூன்று குடும்பத்தையும் மழைக்கு முன்னால் காலி பண்ணச் சொல்லி கோர்ட் உத்தரவு வந்துவிட்டது. நிலம் நகராட்சி எல்லைக்குள் வந்தால்தான் அவர்களுக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்கும். மொத்தம் இருபத்தொரு கவுன்சிலர். பத்துப் பேர் சேர்க்கலாம் என்றார்கள், பத்துப் பேர் வேண்டாம் என்றார்கள். மிச்சம் இருந்தது சேர்மனுடைய கை ஒன்றுதான்.

வாய்க்கால் கரையில் கிட்டப்பன் என்று ஒருவர், சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். ஒரு மாதமாகத் தினமும் காலையில் சேர்மன் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஒன்றும் கேட்க மாட்டார். சேர்மன் தலை தெரிந்ததும் தலையில் கட்டிய துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொள்வார். அவ்வளவுதான். திட்டினாலாவது பதில் சொல்லலாம். சும்மா நிற்கிறவருக்கு என்ன சொல்வது?

"கையத் தூக்கட்டுமா, வேண்டாமாம்மா?"

"தாகமா இருக்குய்யா."

"பானையில தண்ணி இருக்கே."

"இது வேண்டாம். கொஞ்சம் நடந்து போய்க் குடிப்போம். அந்தக் குடத்த எடுத்துக்குங்க."

மடத்தில் எப்போதும் பித்தளைக் குடம்தான். இது நீலக் கலர் பிளாஸ்டிக் குடம், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சேர்மன் அதை யோசிக்கவில்லை. இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் வைத்துக்கொண்டு நடந்தார். கார் டிரைவர் ஓடி வந்தார். வேண்டாம் என்று ஆவுடையம்மா கையைக் காட்டிவிட்டார்.

கடைவீதியில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன சேர்மனே, தண்ணி லாரி வரலியா?"

"நான்தான்யா லாரி" என்றார் சேர்மன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

நடந்து நடந்து புதூர் போய்ச் சேர்ந்தார்கள். நகராட்சியின் கடைசி வார்டு அது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதுவும் தனி ஊராட்சிதான். அதை நகராட்சியோடு சேர்த்தபோது கை தூக்கியவர்களில் நீலமேகமும் ஒருவர்.

தெரு முனையில் சிமெண்டுத் தூண் கட்டி, அதில் குழாய் வைத்திருந்தது. தூணில் கல்வெட்டு. கல்வெட்டில் திறந்து வைத்தவர் பெயர். சேர்மன் பெயரேதான். அந்தத் தூணில் ஒரு வெள்ளாட்டைக் கட்டிப் போட்டிருந்தார்கள். கயிறு உரசி உரசிப் பெயரில் பாதியைக் காணோம்.

நாலு குடத்தைக் கட்டித் தொங்கவிட்ட சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். பவளக்கொடி என்று பெயர்.

"தாயி, ஒரு வாய் தண்ணி" என்றார் ஆவுடையம்மா.

அவள் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வீட்டுக்குள் போய்ச் சொம்பு கொண்டுவந்தாள். குடத்தைச் சாய்த்து ஊற்றினாள். அம்மா குடித்தார். சேர்மனும் குடித்தார்.

"இனிக்குதே! நம்ம குழாய்த் தண்ணியா?"

பவளக்கொடி சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அது ஆட்டுக்குழாய்ங்கய்யா. திறந்த அன்னைக்கு வந்துச்சு, போட்டோ புடிச்சு முடிக்கிற வரைக்கும்."

"அப்ப இது?"

"உசிலங்காட்டுக் கிணத்துத் தண்ணி. மேய்ச்சக்காட்டுக்கு நடுவுல இருக்கே, அது. காலையில ஆறுலேருந்து எட்டு வரைக்கும் எங்கள எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க. நல்ல சனம். ஒருநாள் மூஞ்சி சுளிச்சதில்ல."

சேர்மனுக்கு மேசையில் விரித்து வைத்திருந்த வரைபடம் கண்முன்னால் வந்தது. மேய்ச்சல் காட்டின் நடுவில் ஒரு சின்ன வட்டம். அதன் மேல் இன்ஜினியர் சிவப்புப் பென்சிலால் கட்டம் போட்டிருந்தார்.

"டவுனோட சேர்ந்த பிறகு எப்படியிருக்கு தாயி?" என்று ஆவுடையம்மா கேட்டார்.

"என்னத்தச் சொல்ல. ஊராட்சியா இருந்தப்ப நூறு நாள் வேலை இருந்துச்சு. டவுன்னு ஆனதும் அது நின்னு போச்சு. வரிச்சீட்டு மட்டும் சொன்ன தேதிக்கு வந்துடுது. உசிலங்காட்டுக்குப் போனா 'வாடி டவுன்காரி'ங்கிறாளுக. டவுனுக்குப் போனா 'புதூர்க்காரி, தள்ளி நில்லு'ங்கிறான்."

சொல்லிக்கொண்டே வந்தவள் சேர்மன் முகத்தைப் பார்த்தாள். கல்வெட்டைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயா... நீங்கதானா அவரு?"

"ஆமாம்மா."

"ஆடு கட்டிட்டோம்னு கோவிச்சுக்காதீங்க. எங்களுக்கு வேற தூண் கிடையாது."

சேர்மன் ஆவுடையம்மாவின் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கையத் தூக்கலேன்னா அறுபத்து மூணு குடும்பம் மழையில நிக்கும்மா."

"தூக்கினா?"

"அந்தக் கிணத்து மேலதான் முதல் வரிசை வீடு."

"ம்" என்றார் ஆவுடையம்மா. "அந்த ஆட்ட அவுத்துடுங்கய்யா."

"ஆட்டையா?"

"குடம் வைக்க இடம் வேணும்ல?"

சேர்மன் குனிந்து முடிச்சை அவிழ்த்தார். கயிற்றை எங்கே கட்டுவது என்று சுற்றிப் பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டார். ஆவுடையம்மா நீலக் குடத்தை வாங்கிக் குழாய்க்கு நேராக வைத்தார். பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துகொண்டார்.

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தலைக்குச் சொந்தக்காரி குடத்தோடு வந்தாள். நீலக் குடத்துக்குப் பின்னால் அதை வைத்தாள்.

"தண்ணி வருதாக்கா?"

"தெரியலம்மா. நான் குடம் வச்சிருக்கேன்."

"சேர்மனே வந்து நிக்காரு. வராம இருக்குமா?"

அப்புறம் கேட்கவா வேண்டும். அலுமினியக் குடம் வந்தது, எவர்சில்வர் குடம் வந்தது, பெயிண்ட் டப்பா வந்தது. வரிசை ரேஷன் கடைவரைக்கும் போய்விட்டது.

"ஏய், எங்குடத்த ஏன்டி நகத்துற?"

"காஞ்ச குழாய்க்கு எதுக்குடி சண்ட?"

"காஞ்ச குழாய்னு தெரியுதுல்ல? அப்ப நீ எதுக்குக் குடத்த வச்ச?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் குடத்தையும் எடுக்கவில்லை.

பவளக்கொடியும் ஒரு குடத்தை வைத்தாள். கிணற்றுத் தண்ணீரை அவசரமாக அண்டாவில் கொட்டிவிட்டு வந்திருந்தாள், புடவை நனைந்திருந்தது. "எத்தன மணிக்குங்கய்யா வரும்?" என்று கேட்டாள். மற்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டுச் சேர்மனைப் பார்த்தார்கள்.

சேர்மன் வாயைத் திறந்தார். அவருக்கு மேடையில் பேசித்தான் பழக்கம். இங்கே ஆடு வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தது.

அவர் ஆவுடையம்மாவின் பக்கத்தில் குத்தவைத்தார். "எழுந்திரிங்கம்மா, போயிடலாம். பாவம், சனங்க நம்பி நிக்குது."

"குடம்?"

"மடத்துக் குடந்தானே, எடுத்துக்கிட்டே போயிடலாம்."

"மடத்துக் குடம் இல்லய்யா."

சேர்மன் குடத்தைச் சாய்த்துப் பார்த்தார். அடியில் ஒரு ஓட்டை. அதை அடைத்து, சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி, சுத்தமாக ஒட்டியிருந்தது.

"கிட்டப்பன் குடமா?"

"விடியக்காலையிலயே போய் இரவல் வாங்கிட்டு வந்தேன்" என்றார் ஆவுடையம்மா. "கிணத்து மேல வீடு கட்டிக் குடுத்தா, தண்ணிக்கு அவரும் இங்கதானேய்யா வந்து நிக்கணும்? அதான் இன்னைக்கே இடம் போட்டு வச்சேன்."

சேர்மன் நிமிர்ந்து வரிசையைக் கடைசிவரைக்கும் பார்த்தார். கயிறு அவர் கையிலேயே இருந்தது.

ஆவுடையம்மா சாய்ந்திருந்த குடத்தை நிமிர்த்தினார். அதன் வாய் குழாய்க்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தார்.