துண்டுக்கு அடியில் நீண்ட கை

மாட்டுச் சந்தையில் வாயால் பிழைத்த தரகர் வெள்ளியங்கிரி. எப்பேர்ப்பட்ட வியாபாரியையும் மசிய வைத்துவிடுவார். மசியாவிட்டால் நாலு வார்த்தை சுடச்சுடக் கேட்டுவிட்டுத்தான் இடத்தை விட்டு நகர்வார். அப்படிப்பட்ட மனிதரைக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி மண்ணைக் கவ்வ வைத்தது.

அவருடைய செவலைப் பசு ஈன்ற கன்று, பிறந்த சில நாளிலேயே கழிச்சல் கண்டு செத்தது. அடுத்த ஈற்றுக் கன்றும் அப்படியே போனது. இன்னொன்றும் போனால் பசுவை விற்றுத் தள்ளிவிட்டுத் தொழுவத்தையே இடித்துவிடுவது என்ற முடிவோடு, அவர் கால்நடை ஆய்வுக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

அங்கே இருந்த டாக்டர் திலகமணி அவரைவிட வயதில் ரொம்பச் சின்னவர். கிருமியைக் கொல்ல மருந்து கொடுங்கள் என்று இவர் கேட்க, கொல்வதற்கு முன்னால் அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார் அவர். வெள்ளியங்கிரி கத்திவிட்டுப் போனார். மறுநாள் தானாகவே திரும்பி வந்தார். அதிலிருந்து சந்தை கூடாத நாளெல்லாம் அவருக்கு அங்கேதான் பாடம். சாணியைக் கரைத்துக் கண்ணாடித் தட்டில் கிருமி வளர்க்கவும், நுண்ணோக்கியில் கண் வைக்கவும் பழகினார்.

ஒரு நாள் கேட்டார்:

"ஏனுங்க டாக்டரம்மா, குடலு வழவழன்னு இருக்குது. அதுல இந்தப் பொடிப்பயல் எதைங்க புடிச்சுத் தொங்கறான்? அங்கென்ன கொம்பா இருக்குது, கயிறா இருக்குது?"

திலகமணி அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கைமேல் போர்த்திக்கொண்டார்.

"சந்தையில துண்டுக்கு அடியில விரலைப் புடிச்சுத்தானே விலை பேசுவீங்க? எதிராளி கையையே நீட்டலைன்னா என்னண்ணா பண்ணுவீங்க?"

வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதெல்லாம் ஒரு வித்தையா என்று அந்தச் சூட்சுமத்தை அவிழ்த்தார். நம் ஆள் ஒருத்தனை முன்கூட்டியே மாட்டுக்காரன் பக்கத்தில் நிறுத்திவிட வேண்டும். அவன் மாட்டுக்காரனுடைய வீட்டு ஆள் மாதிரி மாட்டைத் தடவிக்கொண்டு நிற்பான். நாம் போய்த் துண்டைப் போட்டதும் அவனே கையை நீட்டிவிடுவான். அதோடு பேரம் தொடங்கிவிடும், அப்புறம் மாட்டுக்காரன் கழன்றுகொள்ள முடியாது.

"கிருமியும் அதையேதான் செய்யுது."

அதன் உடம்பில் துளை உள்ள ஊசி ஒன்று முளைக்கிறது என்றார் திலகமணி. குடல் சுவரில் இருக்கும் செல்லை அந்த ஊசியால் குத்தி, தான் செய்த புரதம் ஒன்றை உள்ளே அனுப்புகிறது. அந்தப் புரதம் செல்லின் தோலில் வந்து, அந்த வீட்டு ஆள் போலக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. வெளியே இருக்கும் கிருமி அந்தக் கையைப் பிடித்துக்கொள்கிறது. அதே ஊசி வழியே கிருமியின் மற்றப் புரத ஆட்களும் நுழைந்து செல்லைக் குலைக்கிறார்கள். கன்றின் உடம்புத் தண்ணீரெல்லாம் கழிச்சலாகப் போய்விடுகிறது.

வெள்ளியங்கிரி துண்டைத் திரும்ப வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"களவாணிப் பயல்," என்றார். "எந்தொழிலை எங்கிட்டயே காட்டிட்டானுங்களே."

செவலை மறுபடி சினையானது. திலகமணி அதற்கு ஒரு தடுப்பூசி போட்டார். மருந்தில் கிருமி இல்லை. கிருமியின் உடம்பில் முளைக்கும் அந்த ஊசியின் துணுக்கும், அது உள்ளே அனுப்பும் அந்தக் கையும்தான் இருந்தன. தாய் அவற்றை அடையாளம் கண்டுகொள்ளும், சீம்பாலோடு அந்த அடையாளம் கன்றுக்கும் போகும், அப்புறம் கிருமியால் அந்தக் கையைப் பிடிக்க முடியாது என்றார். கொல்லாத மருந்து என்ன மருந்து என்று வெள்ளியங்கிரி முணுமுணுத்தார்.

நெற்றியில் சுட்டி வைத்த கிடாரிக்கன்று பிறந்தது. சொன்னபடி உடனே வயிறு முட்டச் சீம்பால் குடிக்க விட்டார். முன் கன்றுகள் செத்த அதே வயது வந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கன்றின் சாணியை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவந்து தட்டில் வளர்த்துப் பார்த்தார். அதே கிருமி. மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன வைத்தியமுங்க இது? அத்தனையும் உசுரோட நெளியுது. ஒண்ணுகூடச் சாகலை."

"கன்னு?"

"அதையேன் கேக்கறீங்க? காலைல கயித்த உருவிட்டு வாசலெல்லாம் ஓடி, தண்ணிக் குடத்தைச் சாய்ச்சு, எம்பொண்டாட்டிகிட்ட நான் பேச்சு வாங்கினதுதான் மிச்சம். நான் கிருமியைப் பத்திப் பேசிட்டிருக்கறனுங்க."

திலகமணி மறுபடியும் அந்தத் துண்டைக் கையில் எடுத்தார்.

"பக்கத்துல நிக்கறது உங்க ஆளுன்னு மாட்டுக்காரனுக்குத் தெரிஞ்சு, அவனைத் தள்ளி விட்டுட்டான்னு வைங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

"பண்றதுக்கு என்ன இருக்குதுங்க? துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு வந்த வழியே போகோணும்."

திலகமணி துண்டை உதறி அவர் தோளில் போட்டார்.

"செத்தா போவீங்க?"