எடுபிடிக்கு அந்தப் பெயர் வந்த கதை

சிரிப்பு ஒன்று வைத்திருக்கிறேன். கடைசியில்தான் தருவேன், அதுவரை வாயைக் கட்டிக்கொண்டு கேளுங்கள்.

அந்தக் காலத்தில் பறவையும் மிருகமும் மனிதரோடு சரிக்குச் சரி பேசின. ஆற்றங்கரைப் பெரிய வீட்டு நாச்சியார் மட்டும் வேலைக்காரியிடம் இரண்டே சொல்தான் பேசுவாள். பல்லாங்குழியில் வைத்த கண்ணை எடுக்காமல் கையைப் பின்னால் நீட்டி "எடு" என்பாள், வெற்றிலை வரும். "பிடி" என்பாள், கிண்ணத்தை வாங்க ஒரு கை வரும். அந்தக் கைக்கு ஒரு முகம் உண்டா என்று அவள் திரும்பிப் பார்த்ததில்லை.

அது செம்பாயியின் கை. ஒருநாள் அக்கரையிலிருந்து சேதி வந்தது: அவள் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, ஆற்றில் வெள்ளம் ஏறுகிறது, இனி ஒரே ஓடம்தான் போகும். செம்பாயி கெஞ்சினாள். விளக்கு வைத்தபின் பார்க்கலாம் என்றுவிட்டாள் நாச்சியார். அவள் வாயால் உத்தரவு கேட்காமல் வாசல் நாய் யாரையும் வெளியே விடாது.

உத்தரத்தில் ஒரு மைனா இருந்தது. எந்தக் குரலையும் அப்படியே திருப்பிப் பேசுகிற வாலு. அது வாசல் ஓட்டுக்குள் ஒளிந்துகொண்டு நாச்சியாரின் குரலில் சொன்னது:

"செம்பாயி, போய் வா."

நாய் காதை விறைத்தது. "பேரெல்லாம் சொல்கிறீர்களே நாச்சியாரே. வழக்கமில்லையே."

மைனா சட்டெனக் குரலை இறுக்கியது.

"குரைக்கிற வேலையைப் பார். எடு தாழ்ப்பாளை."

இது நாச்சியாரேதான் என்று நாய் சமாதானமாகிக் கதவைத் திறந்தது.

செம்பாயி ஓடிப்போய் ஓடத்தில் ஏறினாள். இனிதான் பயம். ஓடம் அக்கரை சேருமுன் விஷயம் தெரிந்தால் நாச்சியார் அதைத் திருப்பச் சொல்லிவிடுவாள். மைனா ஜன்னலில் உட்கார்ந்து ஒரு கண்ணை ஆற்றிலும் ஒரு கண்ணை அவளிடமும் வைத்தது.

"எடு" என்றாள் அவள்.

செம்பாயியின் குரலில், காம்பு கிள்ளுவதாகச் சொன்னது மைனா. மறுபடி கேட்டபோது, சுண்ணாம்பு காய்ந்துவிட்டது, குழைக்கிறேன் என்றது. ஓடம் நடு ஆற்றில் ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்தது. வெற்றிலை ஆசையை விட்டுவிட்ட நாச்சியார், பக்கத்தில் இருந்த பாலில் ஒரு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைப் பின்னால் நீட்டினாள்.

"பிடி."

ஓடம் கரை தட்டியது. செம்பாயி சேற்றில் குதித்து ஓடுவது தெரிந்தது.

"பிடித்துக்கொண்டேன் நாச்சியாரே" என்றது மைனா.

அவள் கையை விட்டாள். பட்டு முந்தானை முழுக்கப் பால். அப்போதுதான், முதல்முறையாக, திரும்பிப் பார்த்தாள். ஆளில்லை. ஜன்னலில் ஒரு மைனா, அவள் குரலிலேயே சிரித்துக்கொண்டிருந்தது.

புரிந்துவிட்டது. நாயை ஏவ வாயைத் திறந்தாள். வேலைக்காரியின் பெயர் வரவில்லை, தெரிந்தால்தானே வரும்.

"அந்த... எடு... பிடியைக் கூப்பிடு!"

"யாரை நாச்சியாரே?" என்றது நாய்.

அன்று முதல்தான், வேலைக்கு நிற்பவரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளாத வீடுகளில் அவர்களை எடுபிடி என்கிறார்கள்.