சமநிலை வராத கொதிகலன்

சாத்தூருக்கு வெளியே, ஐஸ் கம்பெனிகளுக்கும் மிட்டாய்க் கம்பெனிகளுக்கும் வாழைப்பழ எசன்ஸ் தயாரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அந்த எசன்ஸுக்கும் வாழைப்பழத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு ஆசிட்டையும் ஒரு ஆல்கஹாலையும் கொதிகலனில் ஊற்றிச் சூடாக்கினால் வாசனை தானாக வந்துவிடும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கும் மூளைக்கும் ஏறக்குறைய அதே சம்பந்தம்தான்.

அவர்களில் மூத்தவர் சங்கிலிபூபதி. கடமை தவறாதவர். கதவைப் பார்த்துக்கொள் என்றால் இமைக்காமல் கதவையே பார்ப்பார். ஜன்னல் வழியாக ஆடு வந்தால் அதற்கு அவர் பொறுப்பில்லை. நாற்பதை நெருங்கியும் கல்யாணம் ஆகாமல் இருந்தவருக்கு, குருவையா என்பவர் தன் மகள் செண்பகவடிவைத் தரச் சம்மதித்திருந்தார். மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாக வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

ஆலையின் கெமிஸ்ட் உமையாள் மேடம் நல்ல மனசுக்காரர். "நான் மதுரைக்குப் போயிட்டு சாயந்திரம் வந்துருவேன். இந்தத் தடவை கொதிகலனை நீங்களே பார்த்துக்குங்க. சரியா வந்துட்டா வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி முதலாளிகிட்ட நானே பேசுறேன். கலவை சமநிலைக்கு வந்ததும் அப்படியே விட்டுடுங்க, ஒண்ணும் செய்ய வேண்டாம்" என்று சங்கிலிபூபதியிடம் சொல்லிவிட்டு காரில் ஏறினார்.

கார் மறைந்ததும், கூட வேலை பார்த்த மாடக்கண்ணு கேட்டார்: "சமநிலைன்னா என்ன அண்ணாச்சி?"

மூன்றாவது ஆளான தவசிலிங்கம் முன்னொரு காலத்தில் கொத்தனாருக்குக் கலவை சுமந்தவர். "இதென்ன பெரிய விஷயம்? சுவரு சமமா இருக்கான்னு ரசமட்டம் வெச்சுத்தானே பார்ப்போம்? சுவருக்கே ரசமட்டம் வைக்கிறப்ப, ரசாயனத்துக்கு வைக்க வேண்டாமா?"

ரசமட்டத்தைக் கொதிகலன் மூடிமேல் வைத்தார்கள். குமிழி ஓரமாக ஓடியது. கொதிகலன் காலுக்கு அடியில் செங்கல் கொடுத்து, கை சுட்டு, ஊதி, இன்னொரு செங்கல் கொடுத்து, குமிழி நடுவுக்கு வந்ததும் மூவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார்கள்.

ஆனால் சங்கிலிபூபதிக்கு மனசு ஆறவில்லை. கல்யாண விஷயம் அல்லவா? "வெளிய சரி. உள்ள சமமா இருக்கா?" என்று டெஸ்ட் மெஷினைப் போய்ப் பார்த்தார். ஆசிட் ஒரு பங்கு, எசன்ஸ் இரண்டு பங்கு என்று காட்டியது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார். அதேதான். மூன்றாவது தடவையும் அதேதான். மற்ற இருவரையும் கூப்பிட்டார்.

"ஒண்ணும் ரெண்டும் எப்படிய்யா சமம்?"

"எசன்ஸ் ஜாஸ்தி. அதிகமா இருக்கறதை எடுத்துட்டா சரியாப்போகும்" என்றார் தவசிலிங்கம்.

குழாயைத் திறந்து, மேலே எழுந்த ஆவியைக் குளிரவைத்து, கொஞ்சம் எசன்ஸை டிரம்மில் பிடித்தார்கள். இரண்டும் ஒரே அளவானதும் சங்கிலிபூபதி நெற்றி வியர்வையைத் துடைத்தார். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் ஆசிட் குறைந்திருந்தது, எசன்ஸ் ஏறியிருந்தது.

"டீக்குப் போன நேரத்துல யாரு கை வெச்சது?"

"மூணு பேரும்தானே அண்ணாச்சி டீ குடிச்சோம்?"

"அப்ப நாலாவதா ஒருத்தன் உள்ள இருக்கான்."

சங்கிலிபூபதி கொதிகலனைத் தட்டி, "யாருப்பா அது? மரியாதையா வெளிய வந்துரு" என்றார். கொதிகலன் களக் களக் என்றது.

"ஒத்துக்க மாட்டேங்கிறான்" என்றார் மாடக்கண்ணு.

உள்ளே இருப்பவனோடு அன்று முழுவதும் மல்லுக்கட்டினார்கள். இவர்கள் எசன்ஸை எடுக்க எடுக்க, அவன் செய்துகொண்டே இருந்தான். ஒரு டிரம் நிறைந்தது, இன்னொன்று நிறைந்தது. கொதிகலனில் ஆசிட் பேருக்குத்தான் மிச்சம். மேடத்தின் கார் வந்து நின்றபோது சங்கிலிபூபதி டிரம்மில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"மன்னிச்சிடுங்க மேடம். சமநிலை வரவே இல்லை. ஆசிட்டு பூரா எசன்ஸா போயிருச்சு."

மேடம் டிரம்களைப் பார்த்தார். மெஷினைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "இந்தக் கொதிகலன்ல நான்கூட இவ்வளவு எசன்ஸ் எடுத்ததில்லையே! ஆசிட் எசன்ஸா மாறிட்டே இருக்கும், எசன்ஸும் திரும்ப ஆசிட்டா மாறிட்டே இருக்கும். ரெண்டு வேகமும் ஒண்ணாயிட்டா அதுதான் சமநிலை. அளவு சமமா இருக்கணும்னு இல்லை, மாறாம இருந்தா போதும். நீங்க எசன்ஸை எடுத்ததால அதை ஈடுகட்ட இன்னும் கொஞ்சம் வந்துக்கிட்டே இருந்திருக்கு."

மூவரும் முழித்தார்கள். மேடம் பொறுமையாக, "ஒரு கல்யாண மண்டபம்னு வெச்சுக்குங்க. முன்வாசல்ல ஒருத்தர் வர்றப்ப பின்வாசல்ல ஒருத்தர் போயிட்டே இருந்தா, உள்ள கூட்டம் மாறாதுல்ல? அதான் சமநிலை" என்றார்.

சங்கிலிபூபதியின் முகம் மலர்ந்தது. இது புரிந்தது.

வேலை நிரந்தரமானது. கல்யாண நாளும் வந்தது. மண்டபம் நிறைந்ததும் மாப்பிள்ளை தவசிலிங்கத்தை முன்வாசலிலும் மாடக்கண்ணுவைப் பின்வாசலிலும் நிறுத்தினார். ஒரு பெரியப்பா உள்ளே வந்தால் ஒரு சித்தப்பா வெளியே. நாதஸ்வரக்காரர் வந்தபோது சமையல்காரரையும், தவில்காரர் வந்தபோது நாதஸ்வரக்காரரையும் அனுப்பிவைத்தார்கள். பாதிப் பந்தியில் எழுப்பப்பட்ட ஒருவர் இலையோடு போனார்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. வெளியே அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு செண்பகவடிவு முன்வாசலில் காலெடுத்து வைத்தாள். யாரை வெளியே அனுப்புவது? மணையில் இருந்த சங்கிலிபூபதி யோசித்தார். கல்யாணப் பெண்ணுக்காக விருந்தாளியைத் துரத்துவது மரியாதை இல்லை. எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, பின்வாசல் வழியாக வெளியே போனார்.

"மாப்பிள்ளை எங்கய்யா?" என்று அலறினார் குருவையா.

"பொண்ணு உள்ள வந்துட்டாங்கல்ல? அதான் அவரு வெளிய போயிட்டாரு. கூட்டம் மாறலை, கவலைப்படாதீங்க" என்றார் மாடக்கண்ணு.

செண்பகவடிவு மாலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவரைத் தேடிப் பின்வாசலில் பாய்ந்தாள். ஒரு ஆள் குறைகிறதே என்று மாப்பிள்ளை முன்வாசலில் உள்ளே ஓடிவந்தார். அவள் திரும்பி வர, அவர் வெளியேறினார். ஐந்தாறு சுற்று இப்படி நடந்தது. வேகத்தில் குறையே சொல்ல முடியாது.

கடைசியில் அவள் சாமர்த்தியமாகப் பாதியில் திரும்பி, முன்வாசற்படியில் அவரை மடக்கி, வேட்டியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். படியிலேயே தாலி ஏறியது.

படியில் நிற்பவர்களை உள்ளே சேர்ப்பதா, வெளியே சேர்ப்பதா என்று தவசிலிங்கமும் மாடக்கண்ணுவும் வெகுநேரம் விவாதித்தார்கள். முடிவு தெரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று குருவையாவை வெளியே அனுப்பிவிட்டு, தெருவோடு போன குடை ரிப்பேர்க்காரர் ஒருவரைக் கூட்டிவந்து உள்ளே உட்காரவைத்தார்கள். அவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, பெண்ணின் அப்பா ஸ்தானத்தில் மணமக்களை மனதார ஆசீர்வதித்தார்.