வஞ்சி வாத்து இடம் பார்த்த கதை

கரட்டடிக் குட்டையில் தண்ணீர் வற்றி முழங்கால் அளவுக்கு வந்துவிட்டது. யாருடைய முழங்கால் என்றால், வாத்தின் முழங்கால்!

அந்தக் குட்டையில் வஞ்சி என்ற வாத்தும் அவள் கணவன் செங்காலனும் வாழ்ந்து வந்தார்கள். அவர்களுக்கு நான்கு குஞ்சுகள். பொரித்துப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. கடைக்குட்டியின் பெயர் மொட்டு.

"இது இன்னும் ஒரு வாரம் தாங்காதுங்க," என்றாள் வஞ்சி. "சேத்துல எப்படி நீந்தும் குழந்தைங்க? பேரேரிக்குப் போயிடலாம்."

செங்காலன் தயங்கினான். பேரேரியை அவன் வானத்திலிருந்து பார்த்திருக்கிறான். ஒரு கரையில் நின்றால் மறுகரை தெரியாது. எங்கெங்கிருந்தோ வந்த பறவைகள் அங்கே நெருக்கியடித்துக்கொண்டு இருந்தன.

"அவ்வளவு பெரிய இடத்துல நம்மள யாருக்குத் தெரியும் வஞ்சி?"

"யாருக்கும் தெரிய வேணாம். தண்ணி இருக்கே, அது போதும்!"

குஞ்சுகளுக்கு இன்னும் இறக்கை முளைக்கவில்லை. அதனால் நடந்தே போனார்கள். வரப்பு, வாய்க்கால், முள்காடு என்று இரண்டு நாள் நடை. மூன்றாம் நாள் காலையில் ஏரிக்கரை மீது ஏறி நின்றார்கள்.

அப்பப்பா, என்ன கூட்டம்! கூழைக்கடாக்கள் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து இறங்கின. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் வரிசையாக இறக்கையை விரித்துக் காயப்போட்டிருந்தன. கொக்குகள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு மீன் பிடித்தன. வஞ்சி ஒரு பக்கம் இறங்கப் போனாள். "இங்க ஆள் இருக்கு!" என்று குரல் வந்தது. இன்னொரு பக்கம் போனாள். "இதுவும் எங்க இடம்தான்! தள்ளு, தள்ளு!"

வஞ்சியின் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை. குஞ்சுகளை எண்ணினாள். நான்கு இருந்தன. மறுபடி எண்ணினாள்.

அப்போது ஒரு மைனா அவர்கள் முன்னால் வந்து இறங்கியது. அதன் பெயர் சொக்கு. ஏரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் காட்டுவதுதான் அதன் வேலை.

"வாங்கக்கா, வாங்கண்ணே! புதுசா? இடம் தேடுறீங்களா? எப்படி வேணும், சொல்லுங்க!"

செங்காலன் நெஞ்சை நிமிர்த்தினான். "நல்ல இடமா இருக்கணும். சொல்லிக்கிற மாதிரி!"

"அப்படின்னா நடுத்தீவுதான். கூழைக்கடாக்களே அங்கதான் குடியிருக்கு. அதுக்கு மேல ஒரு இடம் இந்த ஏரியில கிடையாது!"

தீவுக்குப் போனார்கள். பெயர் பெரிய பெயர்தான். ஆனால் தலைக்கு மேல் கிளைக்குக் கிளை கூடு. மேலேயிருந்து எச்சம் மழையாகக் கொட்டியது. சுற்றிலும் ஆழத் தண்ணீர். புல்லும் விதையும் கரையோரத்து வயல்களில்தான் இருந்தன. செங்காலன் விடியும் முன்பே இரை தேடப் பறந்தால் குஞ்சுகள் தூங்கிய பிறகுதான் திரும்பி வந்தான்.

நான்காம் நாள் மொட்டு கேட்டாள். "அம்மா, அப்பா குட்டையிலேயே தங்கிட்டாரா?"

அவ்வளவுதான். வஞ்சி மைனாவைத் தேடிப் பிடித்தாள்.

"எனக்குப் பேரும் வேணாம், பெருமையும் வேணாம். கரைப் பக்கமா வேணும். அமைதியா இருக்கணும். கொஞ்சம் தாமரை இருந்தா நல்லது," என்றாள். கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவளுக்கே சற்று வெட்கமாக இருந்தது. தாமரைக்கு நடுவே குடும்பத்தோடு நீந்த வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா! தாமரைத்துறைன்னு ஒரு இடம் இருக்கு. சும்மா சொர்க்கம்!"

மைனா சொன்னது பொய்யில்லை. இலை மேல் இலையாகத் தாமரை விரிந்து கிடந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி. எச்ச மழை இல்லை, இடி இல்லை, தள்ளு இல்லை. ஒரே ஒரு செந்நாரை மட்டும் ஒற்றைக் காலில் கம்பீரமாக நின்றிருந்தது.

"வணக்கம்," என்றது செந்நாரை. "இங்கே யாரும் யாருடைய காரியத்திலும் தலையிடுவதில்லை. நீங்களும் அப்படியே இருந்தால் நல்லது."

"ஆகட்டும்!" என்றான் செங்காலன். அவனுக்கு இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

முதல் நாள் வஞ்சிக்கும் பிடித்தது. இரண்டாம் நாள் அவளால் உட்கார முடியவில்லை. இந்த இலைக்கும் அந்த இலைக்கும் நீந்தினாள். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இப்ப என்ன குறைச்சல்?" என்று அலுத்துக்கொண்டான் செங்காலன். "தாமரை கேட்ட, கிடைச்சிடுச்சு. அமைதி கேட்ட, அதுவும் கிடைச்சிடுச்சு!"

"தெரியலைங்க. ஏதோ ஒண்ணு இங்க இல்ல. என்னன்னுதான் பிடிபட மாட்டேங்குது."

"இல்லாத குறையைத் தேடாதே வஞ்சி! எத்தனை தடவை குடி மாறுறது? குஞ்சுங்க பாவம்!"

அவன் சொல்வதும் நியாயம்தான். வஞ்சி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் காது மூடவில்லை. தும்பி பறக்கும் சத்தம் கேட்டது. இலையிலிருந்து நீர் சொட்டும் சத்தம் கேட்டது. தன் பிள்ளைகள் கீச்சிடும் சத்தம் கேட்டது. வேறு எந்தக் கீச்சும் கேட்கவில்லை.

அவளுக்குப் பகீரென்றது. விறுவிறுவென்று செந்நாரையிடம் நீந்திப் போனாள்.

"ஐயா, இந்தத் துறையில குஞ்சுங்களே இல்லையே! ஏன்?"

"இங்கே யாரும் குஞ்சு வளர்ப்பதில்லை."

"அதான் ஏன்னு கேக்கிறேன்!"

"முன்பு சிலர் வந்தார்கள். பிறகு போய்விட்டார்கள். காரணம் கேட்பது என் வழக்கமில்லை," என்றது செந்நாரை. அது தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தது.

வஞ்சி திரும்பினாள். அதே நேரம் தாமரைத் தண்டுகளுக்கு நடுவே தண்ணீர் சுழித்தது. ஒரு வாளை மீன்! செங்காலனைப் போல இரண்டு மடங்கு நீளம். அகலமான வாயைத் திறந்துகொண்டு மேலே வந்தது. மொட்டு ஒரு தரம் கீச்சிட்டாள். அடுத்த நொடி அவளைக் காணவில்லை!

வஞ்சி பாய்ந்தாள். தலையைத் தண்ணீருக்குள் விட்டு மீனின் கண்ணைக் கொத்தினாள். செங்காலன் இறக்கையால் அதன் முதுகில் அறைந்தான். தண்ணீர் கலங்கிச் சேறானது. கொத்து, அடி, மறுபடி கொத்து! வாளை ஒரு கணம் வாயைத் திறந்தது. மொட்டு நுரையோடு மேலே வந்தாள். அவளுடைய இடது காலில் ஒரு விரல் போயிருந்தது.

செந்நாரை இத்தனையையும் பார்த்தது. தூக்கிய காலைக் கூடக் கீழே வைக்கவில்லை.

குஞ்சுகளைக் கரையோரச் சம்பம்புல் புதருக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். செங்காலன் தண்ணீரையே திரும்பிப் பார்த்தான். "குட்டைக்கே போயிடலாம் வஞ்சி."

"எந்தக் குட்டைக்கு? இந்நேரம் அங்க சேறுகூடக் காய்ஞ்சிருக்கும்!"

மொட்டுவை அவன் இறக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு அவள் கிளம்பினாள். மைனா ஓர் எருமையின் முதுகில் உட்கார்ந்து உண்ணி பொறுக்கிக்கொண்டிருந்தது.

"அடப் பாவி! அங்க வாளை இருக்குன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுமே! எல்லாருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

மைனா திருதிருவென்று விழித்தது. "நீங்க தாமரை கேட்டீங்க, காட்டினேன். அமைதி கேட்டீங்க, காட்டினேன். குஞ்சு வளருமான்னு கேக்கவே இல்லையேக்கா! எனக்குக் குஞ்சா, குட்டியா? எனக்கு எப்படித் தோணும்?"

வஞ்சி கொத்துவதற்காக அலகைத் தூக்கினாள். தூக்கிய அலகு அப்படியே நின்றது. கேட்கவில்லைதான். செங்காலன் சொல்லிக்கொள்ள ஒரு பேர் கேட்டான். அவள் பார்க்க ஒரு பூ கேட்டாள். குஞ்சுகளுக்காகக் குட்டையை விட்டு வந்தவர்கள், குஞ்சுகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"சரி, இப்ப கேக்கிறேன்," என்றாள். "இந்த ஏரியில குஞ்சுங்க அதிகமா இருக்கிற இடம் எது?"

"மதகடி. ஆனா உங்களுக்குச் சரிப்படாதுக்கா! ஒரே இரைச்சல். காலையும் சாயங்காலமும் எருமை இறங்கும். பூ ஒண்ணுகூடக் கிடையாது. அங்க உள்ள சனம் எல்லாத்துக்கும் மூக்கை நீட்டும்!"

இந்தத் தடவை வஞ்சி மைனாவைக் கூட வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். குடும்பத்தையும் அழைத்துப் போகவில்லை. தனியாகவே போனாள். காலையில் போய்ப் பார்த்தாள். உச்சி வெயிலில் பார்த்தாள். பொழுது சாயும்போதும் பார்த்தாள்.

மைனா சொன்னது அத்தனையும் உண்மை. மதகுக்குப் பக்கத்தில் கலங்கல் தண்ணீர். எருமையின் முழங்கால் அளவு ஆழம்கூட இல்லை. கோரையும் சேறும். கரைமேட்டில் ஆள்காட்டிக் குருவிகள் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தின. நாமக்கோழிகள் பாசிக்காகச் சண்டை போட்டன. ஆனால் அந்தச் சண்டைக்கு நடுவே ஒரு முக்குளிப்பான் மூன்று குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போனது. கோரைக்குள் எங்கே பார்த்தாலும் சின்னச் சின்னத் தலைகள். கீச், கீச், கீச்!

அவள் பார்த்துக்கொண்டே நிற்கும்போது ஒரு நாமக்கோழி நேராக அவள் மேல் வந்து மோதுவதுபோல் நின்றது. நெற்றியில் பெரிய வெள்ளைப் பட்டை. அவள் பெயர் வெள்ளையம்மா.

"ஏம்மா, யாரு நீ? காலையில வந்த, மத்தியானம் வந்த, இப்பவும் வந்து எங்க புள்ளைங்களையே பார்த்துக்கிட்டு நிக்கிற! என்ன விஷயம்?"

வஞ்சிக்குச் சுருக்கென்றது. எவ்வளவு திமிர்! பதில் சொல்லாமல் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். பிறகுதான் அவளுக்கு உறைத்தது. தாமரைத்துறையில் இருந்தவரை, யார் நீ என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே ஒரே நாளில் மூன்று தடவை வந்ததைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்கள்!

"நான் வஞ்சி. கரட்டடிக் குட்டையிலிருந்து வர்றேன். நாலு குஞ்சு. ஒண்ணுக்குக் கால்ல அடி," என்றாள்.

"அடிபட்ட புள்ளைய வச்சுக்கிட்டா இங்க நின்னு பேசுற? போய்க் கூட்டிக்கிட்டு வா! போ!" என்று விரட்டினாள் வெள்ளையம்மா.

மறுநாள் குடி வந்தார்கள். செங்காலன் முகத்தைச் சுளித்தான். "இது ஒரு இடமா? காது வலிக்குது!" அவன் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளையம்மா சண்டைக்கு வந்துவிட்டாள். "உன் புள்ளைங்க எங்க பாசியைத் தின்னுதுங்க! பார்த்து வளர்க்கத் தெரியாதா?" முக்குளிப்பான் வந்து குஞ்சுகளுக்கு என்ன வயசு என்று கேட்டது. ஆள்காட்டி வந்து மொட்டுவின் விரல் எப்படிப் போயிற்று என்று இரண்டு தடவை கேட்டது.

வஞ்சி பொறுத்துக்கொண்டாள். பொறுப்பது கஷ்டமாகத்தான் இருந்தது. தூக்கத்திலும் அவள் கால்கள் துடுப்புப் போட்டுக்கொண்டே இருந்தன.

மூன்றாம் நாள் காலை. செங்காலன் வயல் பக்கம் போயிருந்தான். வஞ்சி தண்ணீருக்குள் தலையை விட்டு இரை தேடிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஆள்காட்டி வீறிட்டது. "வந்துட்டான்! வந்துட்டான்! கிழக்கே! கிழக்கே!"

வஞ்சி தலையைத் தூக்கினாள். கோரைக்கு மேல் தாழ்வாக ஒரு பருந்து வந்துகொண்டிருந்தது. அவளுடைய மூன்று குஞ்சுகள் அருகில் இருந்தன. மொட்டு இல்லை! மொட்டு இருபது அடி தள்ளி, வெட்டவெளித் தண்ணீரில் காலை இழுத்து இழுத்து நீந்திக்கொண்டிருந்தாள்.

வஞ்சி மூன்றையும் கோரைக்குள் தள்ளினாள். மொட்டுவிடம் போக வேண்டும். ஆனால் நேரம் போதாது. பருந்தின் நிழல் தண்ணீர் மேல் ஓடி வந்தது.

அதற்குள் நாமக்கோழிகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு வந்துவிட்டன. பாசிக்காகச் சற்றுமுன் அடித்துக்கொண்டவைதான்! இருபது, முப்பது ஜோடிக் கால்கள் ஒரே நேரத்தில் தண்ணீரை வாரி மேலே அடித்தன. பருந்துக்குக் கண் தெரியவில்லை. அது தடுமாறி மேலே எழும்பியது. மறுபடி இறங்கியது. மறுபடி தண்ணீர்! ஆள்காட்டிகள் இரண்டு அதன் தலைக்கு மேலேயே பறந்து கத்தின. பருந்து சலித்துப்போய் ஏரியின் மறுபக்கம் போய்விட்டது.

"மொட்டு! மொட்டு!" என்று கதறினாள் வஞ்சி.

வெள்ளையம்மா தன் இறக்கையைத் தூக்கினாள். அடியில் அவளுடைய இரண்டு குஞ்சுகள் இருந்தன. நடுவே, பாசி ஒட்டிய தலையோடு மொட்டு இருந்தாள்.

வஞ்சி நீந்தி வந்தாள். "அக்கா..." என்றாள்.

"என்ன அக்கா! இவ்வளவு தூரம் விட்டுட்டு நீ பாட்டுக்குத் தலையைக் கவுத்துக்கிட்டு இருந்தா எப்படி? ஏய் குட்டி, இன்னொரு தடவை கோரையைத் தாண்டின, காலை ஒடிச்சிடுவேன்!"

பருந்துக்குப் பயப்படாத மொட்டு இதற்குப் பயந்து அழுதாள். வஞ்சி சிரித்துவிட்டாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் கால் அசையாமல் தூங்கினாள்.

செங்காலனுக்கு இரைச்சல் பழக இன்னும் கொஞ்ச நாள் ஆனது. பழகிய பிறகு, ஒரு நாள் ஆள்காட்டிகள் சற்று நேரம் சத்தம் போடாமல் இருந்தால், "என்ன ஆச்சு?" என்று அவனே கரைமேட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

அந்தக் கோடையின் கடைசியில் ஒரு புதிய தாரா குடும்பம் மதகடிக்கு வந்தது. வந்த அன்றே அதன் குஞ்சு ஒன்று மதகின் வாயை நோக்கி நீந்தியது. அங்கே தண்ணீர் இழுக்கும். கோரைக்குள்ளிருந்து ஒரு குரல் இடி போல வந்தது.

"ஏய்! யார் வீட்டுப் புள்ளைடா நீ? அந்தப் பக்கம் போகாதே! திரும்பு! திரும்புன்னு சொல்றேன்ல!"

குஞ்சின் தாய் திடுக்கிட்டுத் தன் கணவனிடம் முணுமுணுத்தாள். "என்னங்க இது, இங்க இருக்கிறவங்க இப்படிக் கத்துறாங்க!"

கத்தியவள் வஞ்சிதான். அவள் அதற்குள் பாதித் தூரம் நீந்திப் போயிருந்தாள்.

குடிபோகும் இடத்தில் பூவும் பேரும் உண்டா என்று பார்ப்பதற்கு முன்னால், நம் பிள்ளையைத் தன் பிள்ளையாக நினைத்து அதட்ட ஆள் உண்டா என்று பார்க்க வேண்டும்.